சுணங்கி வந்த குரவை

எங்கட ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடத்து மேடையில ஏறி, பெரிய சேர் கையால பரிசுக் கிண்ணம் வாங்கி, சனம் முழுக்க எழும்பி நிண்டு பாத்த ஆள் நான்.

பொய். கிண்ணம் வாங்கினது என்ட மகள். நான் மேடையில ஏறவே இல்ல. சனம் என்னப் பாத்தது மட்டும் உண்மை, ஆனா எழும்பி நிண்டு இல்ல, இருந்த இடத்தில இருந்து கழுத்தத் திருப்பித்தான். அதுவும் "இந்தா வாறான்" எண்டு சொல்லிச் சொல்லி. அந்த நாளில இருந்து ஊருக்குள்ள என்ட பேர் குரவைக்காரன். மீன் வாங்க வாற பொம்புளையளும் அப்பிடித்தான் கூப்பிடுறாங்க. முதல்ல கோவம் வந்தது. இப்ப கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறன்.

எனக்கு எழுத வராது. மூண்டாம் ஆண்டோட நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டன் எண்டு சொல்லத்தான் ஆசை. ஆனா ஆர் ஆர விட்டது எண்டு அந்த நேரத்து வாத்தியாரக் கேட்டா அவர் வேற மாதிரிச் சொல்லுவார். அதனால இது போனில பேசுறது. மகள்தான் காட்டித் தந்தவ. "அப்பா, இந்த மைக் படத்த அமத்திப்போட்டுக் கதைங்க, அது தானா எழுதும்" எண்டா. உண்மதான், நான் கதைக்கக் கதைக்க அது எழுதுது. நான் சொல்லுறத இடையில மறிக்காமக் கேக்கிற முதல் ஆள் இந்த போன்தான்.

நான் ஆத்தில வலை போடுறவன். புத்தகத்தில வாவி எண்டு இரிக்குமாம், நாங்க ஆறு எண்டுதான் சொல்லுறது. விடியப் போய் வலை எடுத்து, கரையில மீன வித்து, வலையக் காயப்போட்டா வெயில் ஏறக்குள்ள என்ட வேலை முடிஞ்சிரும். மனிசி பாசிக்குடா ஹோட்டல் ஒண்டில துணி வெளுக்கிற பக்கம் வேலை. வெள்ளக்காரர் படுத்து எழும்பின வெள்ளை விரிப்பெல்லாம் அவட கையாலதான் மறுகா வெள்ளையாகும். காலயில ஹோட்டல் வான் வந்து ஏத்திக்கொண்டு போனா, பொழுது படத்தான் இறக்கி விடும். அதனால பள்ளிக்கூடம் விட்டு மகளக் கூட்டிக்கொண்டு வாறது என்ட பொறுப்பு.

ரோட்டில டிப்பர் ஓடுற ஓட்டத்தில, ஆள் வந்தாத்தான் புள்ளையளக் கேற்றால வெளிய விடுவாங்க. பெரிய வகுப்பு, சின்ன வகுப்பு எல்லாத்தையும் ஒரே மணிக்கு விடுற பள்ளிக்கூடம். மணி அடிச்சாத் தாய்மார், மாமாமார், ஓட்டோக்காரர் எல்லாம் கேற்றடியில நிப்பாங்க. நான் நிக்கமாட்டன்.

கரையில இருந்து பள்ளிக்கூடம் தூரமில்ல, சைக்கிள மிதிக்கத் தொடங்கினா மூச்சு வாங்கமுதல் வந்திரும். ஆனா இடையில ஒரு தேத்தண்ணிக் கடை இரிக்கு, ஒரு சைக்கிள் கடை இரிக்கு, ஒரு சலூன் இரிக்கு. மூண்டு இடத்திலயும் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் சும்மா இரிப்பாங்க. சும்மா இரிக்கிற ஆளக் கண்டா எனக்கு வாய் சும்மா இராது. ஆத்தில முதலையோட மல்லுக்கட்டின கதை, வலையில வெள்ளக்காரன்ட மணிக்கூடு வந்த கதை, இப்பிடி ஒண்டத் தொடங்கினா முடியாது. முதலைய நான் கிட்டக் கண்டதே இல்ல, அது வேற விசயம். கதை முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் போகக்குள்ள கேற்றடி வெறிச்சோடிக் கிடக்கும். வேம்புக்குக் கீழ மகள் இரிப்பா, அவவோட இன்னும் ஒண்டு ரெண்டு சின்னஞ்சிறுசுகள் இரிக்கும்.

மகள் ஒரு நாளும் ஏன் சுணங்கின எண்டு கேட்டதில்ல. "வந்திட்டீங்களா" எண்டுதான் கேப்பா. அதயும் ஒரு பெரிய மனிசி கேக்கிற மாதிரிக் கேப்பா. சில நாள் நான் வந்த பிறகும் எழும்பமாட்டா. "கொஞ்சம் நில்லுங்க அப்பா, இவன்ட மாமா வரட்டும்." சரி, விளையாட்டு முடியல்லப் போல எண்டு நானும் சைக்கிள்ல சாஞ்சு நிப்பன். அந்த மாமா வந்தா அவரோட ஒரு கதை. மறுகா அவருக்கும் சுணக்கம்.

இப்பிடிப் போய்க்கொண்டிரிக்கக்குள்ளதான் பெற்றார் கூட்டம் ஒண்டு வைச்சாங்க. புதுசா வந்த அதிபரம்மா எழும்பிச் சொன்னா.

"கணக்கில முதலாம் ஆள், வாசிப்பில முதலாம் ஆள், ஓட்டத்தில முதலாம் ஆள் எண்டு குடுக்கிறது இந்த முறையும் இரிக்கு. அதோட இந்த வருசம் குணத்துக்கும் பரிசு குடுக்கப் போறம். போன தவணை முழுக்க டீச்சர்மார் சொல்லாமக் கொள்ளாமப் புள்ளையளப் பாத்துக்கொண்டுதான் இருந்தவங்க."

அண்டையில இருந்து ஊருக்கு ஒரு காய்ச்சல் பிடிச்சிது. எல்லாப் புள்ளையளும் நல்ல புள்ளையளாப் போச்சுதுகள். ஒருத்தன் தன்ட பையையும் சுமந்து, வழியில போறவன்ட பையையும் பறிச்சுச் சுமந்தான். பறிகுடுத்தவன் அழுதுகொண்டு பின்னால ஓடுறான். இன்னொரு பெட்டை டீச்சரக் கண்டா வணக்கம், காவலாளியக் கண்டா வணக்கம், கேற்றுக்கு வந்த ஆட்டுக்கும் ஒரு வணக்கம். சலூன்காரன் தன்ட மகன விடிய எழுப்பிப் பள்ளிக்கூட முத்தம் கூட்ட அனுப்பினான். அவன் கூட்டின குப்பையக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவுக்குள்ள கொட்டினது வேற சண்டை. டீச்சர்மாருக்குச் சிரிப்பு. அவங்க பாத்தெல்லாம் முடிச்சு, எழுதியும் குடுத்திட்டாங்க எண்டு இந்தச் சனத்துக்கு விளங்கல்ல.

நான் ஒண்டும் செய்யல்ல. என்ட மகளுக்குப் பரிசு வரும் எண்டு நினைச்சாத்தானே. கணக்கில அவ என்னப் போல. வாசிப்பு பறவால்ல. ஓட்டத்தில, பின்னால வாறவள் விழுந்தா இவ நிண்டு தூக்கிவிட்டுட்டுத்தான் மறுகா ஓடுவா.

ஒரு நாள் வழமையாச் சுணங்கிப் போறன், ஒண்டாம் ஆண்டு டீச்சர் கேற்றடியில நிக்கா. போச்சு, இண்டைக்கு நல்லா வாங்கிக் கட்டப்போறம் எண்டு சைக்கிள விட்டு இறங்கினன்.

"நீங்கதான இந்தப் புள்ளட அப்பா?"

"ஓம் டீச்சர். வலை சிக்கிப் போச்சு, அதான்."

"நேத்தும் வலைதான் சிக்கினது."

"ஆறு இப்ப சரியில்ல டீச்சர்."

அவ சிரிச்சா. "சண்டைக்கு வரல்ல. உங்கட மகளுக்கு ஒரு பரிசு இரிக்கு, அதச் சொல்லத்தான் நிக்கிறன்."

"என்னத்துக்கு?"

"கடைசிப் புள்ள போகுமட்டும் நிக்கிறதுக்கு."

எனக்கு விளங்கல்ல. டீச்சர்தான் விளங்கப்படுத்தினா. ஆக்கள் வரச் சுணங்கினாச் சின்ன வகுப்புப் புள்ளையள் கேற்றடியில நிண்டு அழுவாங்களாம். எங்கட ஆக்கள் மறந்திட்டாங்க, வரவே மாட்டாங்க எண்டு ஒண்டு தொடங்கினா மற்றதும் தொடங்குமாம். என்ட மகள் அதுகள வேம்புக்குக் கீழ கூட்டிக்கொண்டுபோய் இருத்துவாவாம். "அழாத. சுணங்கிறது வேற, வராம விடுறது வேற. என்ட அப்பா ஒவ்வொரு நாளும் சுணங்குவார், ஒரு நாளாவது வராம விட்டவரா?" எண்டு கேப்பாவாம். மறுகா கதை சொல்லுவாவாம். முதலையோட மல்லுக்கட்டின கதை, வலையில மணிக்கூடு வந்த கதை. அழுத புள்ளையள் வாயத் துறந்துகொண்டு கேக்குமாம். வீட்டாக்கள் வந்தாலும் சிலதுகள் போகமாட்டம் எண்டு நிக்குமாம்.

"சொல்லிக் குடுத்தது ஒருத்தரும் இல்ல" எண்டா டீச்சர். "நீங்க வந்த நாளிலயும், கடைசிப் புள்ளட ஆள் வருமட்டும் அவ போறதில்ல. நாங்க பாத்துக்கொண்டுதான் இருந்தம்."

அண்டைக்கு வீட்ட போகக்குள்ள மகள் சைக்கிள்ல பின்னால இருந்து காலை ஆட்டிக்கொண்டு வந்தா. எனக்கு ஒரு பகிடியும் வரல்ல. அது எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி.

பொழுது படமுதல் சரியாகிட்டன். மனிசி வானால இறங்கினதும், "நான் சுணங்காம இருந்திருந்தா இந்தப் பரிசு கிடைச்சிரிக்குமா? சொல்லு பாப்பம். பாதிப் பரிசு என்ட" எண்டன்.

மனிசி பையக் கொழுவிப்போட்டு, "அப்ப கிண்ணத்தில உங்கட பேரையும் வெட்டச் சொல்லுவம். என்னத்துக்கு எண்டும் சேத்து வெட்டட்டும்" எண்டா.

சிரிச்சம். மறுகாத்தான் சிரிப்பு நிண்டது. பரிசளிப்பு விழா வைச்ச நாளில ஹோட்டலில ஒரு கலியாணம், வெளிநாட்டு ஆக்கள் நிறைய. ஒருத்தருக்கும் லீவு இல்ல எண்டு ஒரேயடியாச் சொல்லிட்டாங்களாம். மனிசி கேட்டுப் பாத்தா, மறுகாவும் கேட்டுப் பாத்தா. கடைசியா வந்து, பையையும் இறக்காமச் சோத்துப் பானைய அடுப்பில வைச்சா. எங்களுக்கு விளங்கிச்சு.

மகள் கேட்டது ஒண்டுதான். "அப்ப எனக்கு ஆர் முதல் குரவை எடுக்கிற?"

வெளியூர் ஆக்கள் இதக் கேட்டா விளங்காது, சொல்லுறன். குரவை எண்டா பொம்புளையள் நாக்க ஆட்டி எழுப்புற ஒரு சத்தம். கோயில்ல சாமி வெளிக்கிட்டாக் குரவை, கலியாணத்தில தாலி கட்டினாக் குரவை, நல்லது எது நடந்தாலும் குரவை. எங்கட பள்ளிக்கூடத்தில புள்ளையள் பரிசு வாங்கினாலும் குரவைதான். கைதட்டு மற்ற ஊருக்காரருக்கு. இதில ஒரு மரியாத இரிக்கு. முதல் குரவைய அந்தப் புள்ளட வீட்டாக்கள்தான் எடுக்கணும். தாய் எடுப்பா, இல்லாட்டி மாமி, பெரியம்மா எடுப்பாங்க. அது கிளம்பினாத்தான் மற்றப் பொம்புளையள் எல்லாம் சேருவாங்க. சேந்தா பாக்கோணும், பந்தல் தகரம் அதிரும்.

போன வருசம் ஒரு பொடியனுக்கு முதல் குரவை எடுக்க ஆள் இல்ல. வட்டையில வேளாண்மை வெட்டு, வீட்டில எல்லாரும் வயலுக்குப் போயிற்றாங்க. பொடியன் பரிச வாங்கி இறங்கி வந்தான், ஒரு சத்தமும் இல்ல. அவன்ட சப்பாத்துச் சத்தம்தான் கேட்டது. என்ட மகள் அப்ப முன்னால கீழ இருந்தவ. அந்தச் சப்பாத்துச் சத்தத்த அவ மறக்கல்ல.

எங்களுக்குக் கிட்டத்துச் சொந்தத்தில பொம்புளையள் இந்த ஊரில இல்ல. பக்கத்து வளவு அக்காட்டப் போனன். குரவை எண்டா ஊரில அவதான், அவ எடுத்தா ஆத்துக்கு அங்கால கேக்கும்.

"அக்கா, நீங்க எடுத்துவிடுங்களன்."

"எடுப்பன். ரெண்டாவதா எடுப்பன்" எண்டா, வெங்காயம் உரிச்சுக்கொண்டு. "முதல்ல நான் எடுத்தா, இந்தப் புள்ளைக்கு வீட்டில ஆள் இல்ல எண்டு நானே ஊருக்குச் சொல்லுற மாதிரி. ஆள் இரிக்குத்தான?"

"ஆரு?"

"என்னோட இப்ப கதைச்சுக்கொண்டு நிக்கிறது ஆரு, பேயா?"

வீட்ட வந்து மகளிட்டச் சொன்னன், "முதல் குரவை நான் எடுக்கிறன்."

"ஆம்புளையள் எடுக்கிறதில்லயே அப்பா."

"எடுக்கப்படாது எண்டு எங்கயும் சட்டம் இரிக்கா?"

"சிரிப்பாங்க."

"என்னப் பாத்துச் சிரிக்காத ஆள் இந்த ஊரில ஆர் இரிக்கா?"

அவ அதக் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தா. சரி எண்டுதான் பட்டிரிக்கு. "பெரிசா வேணாம். ஒருக்கா எடுத்தாக் காணும், மறுகா எல்லாரும் சேருவாங்க" எண்டா. கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீங்க நேரத்துக்கு வரணும்" எண்டா. என்ட முகத்தப் பாக்கல்ல, பென்சில் சீவிக்கொண்டுதான் சொன்னா.

மறுநாளே பழக்கம் தொடங்கினன். ஊருக்குள்ள பழகினாக் கல்லெறி விழும், அதனால தோணிய நடு ஆத்துக்குக் கொண்டுபோனன். வாயத் துறந்து நாக்க ஆட்டினா, வந்தது குரவை இல்ல. தண்ணி இல்லாத பைப்பத் துறந்தாக் காத்து வருமே, அது. இன்னும் பலமா எடுத்தன். தோணி முன்பக்கத்து அணியத்தில குந்தி இருந்த நீர்க்காகம் என்ன ஒரு பார்வை பாத்துட்டுப் பறந்து போச்சு. அங்கால வலை போட்டவன் தோணியத் திருப்பிக்கொண்டு வாறான்.

"என்னடா, கெளுத்தி முள்ளுக் குத்திப்போட்டா?"

"இல்ல மச்சான். குரவை பழகிறன்."

தோணிய மறுபடியும் திருப்பிக்கொண்டு போனான். கரைக்கு வரமுதல் கதை கரைக்கு வந்திட்டுது.

அக்காதான் கடைசியாச் சொல்லித் தந்தா. வேலிக்கு அங்கால நிண்டுகொண்டு, "தொண்டையால இல்லடா தம்பி, நாக்கால. நாக்கு ரெண்டு கன்னக் கொடுப்பிலயும் படணும். உனக்கு ஆடுற நாக்குத்தான, ஏன் இதுக்கு மட்டும் மாட்டன் எண்டுது?" எண்டு கேட்டா. என்ட முன்பல்லில ஒண்டு இல்ல. அந்த ஓட்டையால எச்சில் தெறிக்குது. வேலியில காயப்போட்ட துணிய அக்கா எடுத்துக்கொண்டு உள்ள போனா. ஆனாலும் விடல்ல. விழா கிட்டடிக்க, ஆட்டுக்குட்டி தாயக் கூப்பிடுற மாதிரி ஒண்டு வரத் தொடங்கிச்சு. மனிசி கேட்டுட்டு, "பறவால்ல, நல்ல சத்தந்தான்" எண்டா. கேட்டு முடிச்சிட்டு அங்கால திரும்பி நிண்டா. தோள் குலுங்கிச்சு. சிரிச்சாவா அழுதாவா எண்டு நான் போய்ப் பாக்கல்ல.

விழா நாள் வந்திது. அண்டைக்கு நான் வலைக்குப் போகல்ல. மனிசி வானுக்குப் போகமுதல் என்ட சேட்ட ஸ்திரி போட்டு வைச்சா. மகளுக்குத் தலை வாரி இழுத்துப் பூ வைச்சா. போகக்குள்ள வாசலில நிண்டு என்னப் பாத்து, "இஞ்சேருங்க, இண்டைக்கு மட்டும்" எண்டா. அவ்வளவுதான். எனக்கு விளங்கிச்சு.

மகளோடயே நானும் போயிட்டன். தேத்தண்ணிக் கடைக்காரன் கூப்பிட்டான், கை காட்டிட்டுப் போனன். சலூன்காரன் கூப்பிட்டான், அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போனா கேற் துறக்கல்ல. காவலாளி வந்து என்னப் பாத்துட்டு, "இண்டைக்கு என்ன, நேத்து வரவேண்டியதுக்கு இப்பதான் வாறீங்களா?" எண்டு கேட்டான்.

முத்தத்தில தகரப் பந்தல், பிளாஸ்ரிக் கதிரை, மேடை ஓரத்தில வாழைமரம். நான் முன்வரிசையில இருந்தன். அது விருந்தினருக்கு எண்டு எழுப்பினாங்க. ரெண்டாம் வரிசையில இருந்தன். அது டீச்சர்மாருக்காம். பொம்புளையள் பக்கம் ஓரமா அக்கா இடம் பிடிச்சு வைச்சிருந்தா, அங்க இருந்தன். சுத்திவரப் பொம்புளையள், நடுவுல நான்.

விழா தொடங்கல்ல. கல்விக் கந்தோரில இருந்து வாற பெரிய சேருக்குச் சுணக்கமாம். அவர் சுணங்கினா அதுக்குப் பேர் அலுவல். புள்ளையள் வெள்ளச் சட்டையோட வெயிலுக்க நிண்டு வாடிப்போய், கடைசியா ஒரு வழியாய் வந்து சேந்தார். விளக்கு ஏத்தி, வரவேற்பு நடனம் ஆடி, அதில ஒரு பொடியனுக்கு வேட்டி அவிண்டு, அவன் அத ஒரு கையால பிடிச்சுக்கொண்டே ஆடி முடிச்சான். அவனுக்குக் குணத்துக்கு ஒரு பரிசு குடுத்திருக்கோணும். மறுகா பரிசு தொடங்கிச்சு. கணக்கில முதலாம் ஆள் ஒரு மூக்கொழுகி, பெரிய சேர் மேடையில வைச்சே ஒரு கணக்குக் கேக்க, அவர் கேட்டு முடிக்கமுதல் சொல்லிட்டான். அவன்ட தாய் எடுத்த குரவையில நாய் எழும்பி ஓடிச்சு. ஓட்டத்தில எப்பவும் கடைசியா வாற, ஆனா ஒரு நாளும் இடையில நிக்காத ஒரு குண்டுப் பெட்டைக்கு விடாமுயற்சிப் பரிசு. அந்தப் பெட்டை மேடைக்கும் மெதுவாத்தான் ஏறினா. காணாமப் போன அழிறப்பர், பென்சில் எல்லாத்தையும் தேடி உரிய ஆளிட்டக் குடுக்கிற ஒரு பொடியனுக்கும் பரிசு. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வீட்டுக் குரவை கிளம்புது, மற்றது எல்லாம் சேருது. எனக்கு நாக்கு வாய்க்குள்ள நிண்டு துடிக்குது.

மகளின்ட பேர் வர இன்னும் நேரம் இரிக்கு எண்டு அக்கா சொன்னா. அந்த நேரம்தான் எனக்கு ஒரு யோசனை. புள்ள காலயில ஒண்டும் தின்னல்ல, பரிசு வாங்கின உடன குடுக்க ஒரு சுருள் கச்சான், வறுத்த நிலக்கடலை, வாங்கி வைப்பம். கேற்றுக்கு வெளிய காத்தான்குடி முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், காக்கா எண்டுதான் கூப்பிடுறது, கச்சான் வண்டியோட நிக்கார், எனக்குப் பழக்கமான மனிசன். போய் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வர எவ்வளவு நேரம்.

காக்கா கச்சானச் சுருள்ல போட்டுக்கொண்டு கேட்டார், "என்ன மச்சான், நேரத்தோட வந்திரிக்கிங்க? அதிசயமாக் கிடக்கு."

அவர் அப்பிடிக் கேட்டிருக்கப்படாது.

"அதயேன் கேக்கிங்க காக்கா" எண்டு தொடங்கினன். இண்டைக்கு நான் எப்பிடி நேரத்துக்கு வந்தன் எண்ட கதை. சேவல் கூவமுதல் எழும்பினது, தேத்தண்ணிக் கடையத் தாண்டினது, சலூனத் தாண்டினது, கேற் துறக்கமுதல் வந்து நிண்டது. நல்ல கதை, இடையில நாலு பொய்யும் சேத்தன். காக்கா வாயப் பாத்துக்கொண்டு நிக்கார். நான் சுருள்ல இருந்து கச்சான எடுத்து எடுத்து வாயில போட்டுக்கொண்டு சொல்லுறன்.

சலூனத் தாண்டின இடத்த ரெண்டாந்தரம் சொல்லக்குள்ள காக்கா கேட்டார், "உங்கட புள்ளட பேரில்லயா அது?"

"எது?"

"மைக்கில சொன்ன பேர்."

"எப்ப சொன்னாங்க?"

"சேவல் கூவமுதல் நீங்க எழும்பக்குள்ள."

"ஏன் காக்கா சொல்லல்ல?"

"கதை நல்லாப் போய்க்கொண்டிருந்தது மச்சான், நிப்பாட்ட மனம் வரல்ல."

அப்பதான் காதில பட்டிது. உள்ள ஒரு சத்தமும் இல்ல. மைக் இல்ல, கைதட்டு இல்ல, குரவை இல்ல. அந்தப் போன வருசத்துச் சப்பாத்துச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடினன்.

உள்ள நடந்தத மறுகாத்தான் அக்கா சொன்னா. பேரச் சொல்ல மகள் ஏறி இரிக்கா. எதுக்குப் பரிசு எண்டு அதிபரம்மா சொல்லி இரிக்கா. பெரிய சேர் கிண்ணத்தக் குடுத்திரிக்கார். பொம்புளையள் எல்லாரும் முதல் குரவை வருமெண்டு நாக்க ஆயத்தமா வைச்சுக்கொண்டு என்ட கதிரையப் பாத்தா, கதிரையில ஆள் இல்ல. மகளும் அத மேல நிண்டு பாத்திட்டா. இறங்கப் போன புள்ள இறங்கல்ல. டீச்சருக்குக் கிட்டப் போய்ச் சொன்னாவாம், மைக்கில எல்லாருக்கும் கேட்டதாம்.

"டீச்சர், அப்பா வெளியில நிக்கார். வருவார். கொஞ்சம் நிப்பமா?"

பெரிய சேர் மணிக்கூட்டப் பாத்தாராம். அவருக்கு இன்னொரு விழா இரிக்கு. அதிபரம்மா அவரிட்டச் சொன்னாவாம், "சேர், இந்தப் புள்ளைக்கு நாங்க பரிசு குடுக்கிறதே இதுக்குத்தான். குடுத்துட்டு நாங்களே நிக்கமாட்டம் எண்டாச் சரியில்ல." மணிக்கூடு இரிக்கிற கைய முதுகுக்குப் பின்னால வைச்சுக்கொண்டு அவரும் நிண்டாராம்.

நான் ஓடி வந்து பந்தலுக்குள்ள புகுந்தா, சனம் முழுக்கக் கழுத்தத் திருப்புது. "இந்தா வாறான், இந்தா வாறான்." மேடையில மகள் நிக்கா. அடுத்த பரிசுக்கு ஏறின ஒண்டாம் ஆண்டுப் பொடியன் ஒருத்தன், இந்த அமைதியில பயந்து அழத் தொடங்கி இரிக்கான். மகள்ட ஒரு கையில கிண்ணம், மற்றக் கையில அவன்ட கை. வேம்புக்குக் கீழ இரிக்கிற மாதிரித்தான் நிக்கா, அவசரமே இல்லாம. என்னக் கண்டா. வாய் அசைஞ்சது. சத்தம் கேக்கல்ல, ஆனா எனக்குத் தெரியும், "வந்திட்டீங்களா" எண்டுதான்.

நான் வாயத் துறந்து நாக்க ஆட்டினன். வாய்க்குள்ள கச்சான். முதல் குரவைக்குப் பதிலா முதல் கச்சான் வெளிய போச்சு, முன்னால இருந்த மனிசன்ட பிடரியில பட்டிது. அவர் தடவிப் பாத்தார். ஆரோ ஒராள் பின்னால சிரிக்கத் தொடங்கிச்சு. அக்கா ஒருத்தரையும் பாக்கல்ல, என்னத்தான் பாத்தா. தன்ட ரெண்டு கொடுப்பிலயும் விரலால தட்டிக் காட்டினா. நாக்கால, தொண்டையால இல்ல. நான் மிச்சக் கச்சான விழுங்கினன். கண்ண மூடினன். முன்னால இரிக்கிறது ஆறும் நீர்க்காகமும்தான் எண்டு நினைச்சுக்கொண்டு ரெண்டாந்தரம் வாயத்

என்னக்கா?

கேக்குது, கேக்குது. பள்ளிக்கூட மணி அடிச்சது எனக்கும் கேட்டதுதான். இல்ல, பொய், கேக்கல்ல, நான் போனோட கதைச்சுக்கொண்டு இருந்தன். இல்லக்கா, இத முடிச்சுட்டு இல்ல. இப்பவே போறன். புள்ள நிப்பா, எனக்குத் தெரியும், எவ்வளவு சுணங்கினாலும் நிப்பா. அதுக்காகத்தான் போறன். மிச்சம் கிடக்கட்டும். சைக்கிள் இந்தா நிக்குது. செருப்பு ஒண்டு இஞ்ச கிடக்கு, மற்றது எங்க